வானம் பொய்த்தால் குற்றவாளி யார்?

ஓர் ஊரிலே மழை பொய்க்கிறது. பயிர் கருகுகிறது. அடுத்த அறுவடைக்குள் அவ்வூரில் நூற்றுக்குப் பத்துப் பேர் மாண்டு போகின்றனர். இவர்களைக் கொன்றது எது என்று வினவினால், உலகம் தயங்காது தரும் விடை "பஞ்சம்" என்பதே. பஞ்சத்திற்குக் காரணம் யாது என்றால் "மழையில்லை" என்பர். மழை ஏன் இல்லை என்றால் வானத்தைச் சுட்டிக் கைவிரிப்பர். அத்துடன் வழக்கு முடிந்துவிடுகிறது. வானத்தைக் கூண்டிலேற்றி விசாரிக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. ஆகவே குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை, செத்தவர் செத்தவரே.

இவ்விடை உண்மையானதா, அன்றி இருப்பவர்க்கு வசதியானதா? இதுவே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

நம் முன்னோர் இதனை வேறு விதமாக நோக்கினர். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவர், மழையின்றி உலகியல் இல்லை என்பதை நன்கறிந்தவர். ஆயினும் கொடுங்கோன்மையைப் பற்றிப் பேசுமிடத்து, அரசன் முறை தவறினால் வானமும் பெய்யாதொழியும் என்னும் கருத்தை உரைத்தார். சீன தேசத்திலும் இத்தகைய எண்ணம் நிலவியது. வறட்சி வந்தால் அதனைத் தம் ஆட்சிக் குறைக்கு அடையாளமாகக் கருதி, அந்நாட்டுச் சக்கரவர்த்திகள் மழை வேண்டி வழிபடுவது வழக்கம். இன்று இதனைக் கேட்போர் நகைப்பர். மேகத்திற்குச் செங்கோலும் தெரியாது, கொடுங்கோலும் தெரியாது என்பர். நகைப்பது எளிது. ஆனால் நகைப்பதற்கு முன், பஞ்ச காலங்களில் மக்கள் எவ்வாறு மாண்டனர் என்பதைப் பழைய பதிவேடுகளைக் கொண்டு அறிதல் நலம்.

யந்திரத் தொழில் தோன்றுவதற்கு முற்பட்ட சமுதாயங்களில், மக்களிற் பெரும்பாலோர் உழுது பிழைத்தவரே. ஐரோப்பாவின் பல பகுதிகளில், விதைத்த ஒரு மரக்கால் தானியத்திற்கு நான்கைந்து மரக்கால் கிடைத்தாலே அது நல்ல விளைச்சல். நான்கு மரக்கால் விளைந்ததாகக் கொள்வோம். அதில் ஒரு மரக்கால் மறு விதைப்புக்கு வேண்டும். உண்பதற்கு எஞ்சுவது மூன்று. மறு ஆண்டு குளிராலோ மழையாலோ விளைச்சல் பாதியாகிறது. இரண்டு மரக்காலே கிடைக்கிறது. விதைக்கு ஒன்றை எடுத்து வைத்தால் உண்ண எஞ்சுவது ஒன்றுதான். விளைச்சல் பாதியாயிற்று, உணவோ மூன்றில் ஒரு பங்காயிற்று! விதையையும் உண்டுவிட்டால் இவ்வாண்டு பிழைத்து அடுத்த ஆண்டு சாகலாம். போதாதென்று நிலவரியும் குத்தகையும் கோயில் வரியும், விளைந்தாலும் விளையாவிட்டாலும் வாசலில் வந்து நின்றன.

இனி விலையைப் பார்ப்போம். விளைச்சலிலே பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தானிய விலை பத்தில் மூன்று பங்கு ஏறும் என்று, 1699-ஆம் ஆண்டில் சார்லஸ் டாவனன்ட் என்னும் ஆங்கிலேயர் கணக்கிட்டு வெளியிட்டார். குறை பெருகப் பெருக விலை அதனினும் வேகமாகத் தாவும் என்பதையும் அக்கணக்குக் காட்டிற்று. பணமுள்ளவன் கூடுதல் விலை கொடுத்து வழக்கம்போல் உண்டான். ஏழை தன் பங்கையும் இழந்தான். ஆகவே பத்தில் ஒரு பங்கு குறைவு எல்லார் வயிற்றிலும் சமமாக இறங்கவில்லை. அது முழுவதும் ஏழையின் கலத்திலே வந்து விழுந்தது.

பிரெஞ்சு தேசத்தின் கதை இதற்குத் தக்க சான்றாகும். 1692-ஆம் ஆண்டின் குளிராலும் ஈரத்தாலும் விதைப்புக் கெட்டது. 1693-ஆம் ஆண்டில் அறுவடை பொய்த்தது. 1693, 1694 ஆகிய இரண்டாண்டுகளில், வழக்கமாக இறப்போரினும் ஏறக்குறைய 13 லட்சம் பேர் அதிகமாக இறந்தனர் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். அன்று அந்நாட்டின் ஜனத்தொகை இரண்டு கோடிக்குச் சற்று மிகுதி. வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினான்காம் லூயி மன்னன் வீற்றிருந்தான். எல்லைகளில் அவனுடைய படைகள் போரிட்டுக் கொண்டிருந்தன. பின்னர் 1709-ஆம் ஆண்டு ஜனவரியில் நதிகளும் உறையும் கடுங்குளிர் வந்தது. நிலத்திலிருந்த கோதுமைப் பயிர் வேரோடு மடிந்தது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் சேர்ந்து சுமார் ஆறு லட்சம் உயிர்கள் மிகுதியாக மாய்ந்தன.

இம்மரணங்கள் எவ்வாறு நேர்ந்தன? மாதா கோயில்களின் ஜனன மரணப் பதிவேடுகளையும் சந்தையின் தானிய விலைக் கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சியை, 1946-இல் ழான் மெவ்ரே என்பவர் முன் வைத்தார். பியேர் கூபேர் என்பவர் போவே என்னும் நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் நுணுகி ஆராய்ந்து 1960-இல் நூல் வெளியிட்டார். அவர்கள் கண்டது இது: கோதுமை விலை ஏறும்போது சவ அடக்கங்கள் ஏறுகின்றன, திருமணங்கள் குறைகின்றன, சில மாதங்களுக்குப் பின் பிறப்புகளும் குறைகின்றன. போவே நகரிலே நெசவாளர் மிகுதி. ரொட்டி விலை ஏறியதும் ஊரார் துணி வாங்குவதை நிறுத்தினர், தறி நின்றது, கூலியும் நின்றது. உணவு விலை உச்சத்திலிருக்கும் அதே நாளில் நெசவாளன் கை வெறுங்கையாயிற்று. அவன் வீட்டில் மழை பொழிந்ததா, பொய்த்ததா என்பதே கேள்வியன்று. சந்தையிலே தானியம் கண்முன் இருந்தது, வாங்க வழியில்லை.

மேலும், பட்டினியால் நேரே இறந்தோர் தொகை சிறிதே. பெரும்பாலோரைக் கொன்றவை வயிற்றுக்கடுப்பும் விஷ ஜுரமும் போன்ற நோய்கள். பசித்தவன் புல்லையும் அழுகிய தவிட்டையும் உண்டான், உடல் தளர்ந்தான், வேலை தேடியும் பிச்சை தேடியும் வழி நெடுக நடந்தான், நகரங்களின் வாயில்களிலும் தர்ம சாலைகளிலும் கூட்டமாகக் கிடந்தான். அவன் தங்கிய இடமெல்லாம் நோயும் தங்கியது. ஆகவே வீட்டில் உணவிருந்தவனும் மாண்டான். ஏழையின் பசி பணக்காரன் வீட்டுச் சாவாக மாறும் வழி இதுவே.

நிற்க. வானமே கொன்றதென்றால், வானம் ஒன்றாயிருந்த இடமெல்லாம் சாவும் ஒன்றாயிருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறு இருந்ததா?

1690-களின் குளிர் பிரான்சோடு நிற்கவில்லை. இங்கிலாந்திலும் விளைச்சல் குன்றியது, விலை ஏறியது. ஆயினும் அங்கே நாடளாவிய பெருஞ்சாவு நேரவில்லை. அதே தீவின் வடபாகமான ஸ்காட்லாந்திலோ, 1695 முதல் 1699 வரை நிகழ்ந்த பஞ்சத்தில், மக்களிற் பத்தில் ஒரு பங்கிற்குக் குறையாதோர் சாவாலும் நாட்டைவிட்டு ஓடியதாலும் அழிந்துபட்டனர். தீவு ஒன்று, குளிர் ஒன்று, சாவு மட்டும் வேறு!

இங்கிலாந்தின் நற்பேறுக்குக் காரணங்கள் உண்டு. அங்கே குளிர்கால விதைப்பான கோதுமையோடு வசந்த கால விதைப்பான வாற்கோதுமையும் ஓட்ஸும் பெருகப் பயிராயின. ஒன்று பொய்த்தால் மற்றொன்று கை கொடுத்தது. பிரான்சிலே எல்லாத் தானியங்களின் விலையும் ஒன்றாக ஏறின. இங்கிலாந்தில் அவ்வாறு ஏறவில்லை என்பதை ஆண்ட்ரூ ஆப்பிள்பி என்னும் வரலாற்றாசிரியர் 1979-இல் எடுத்துக்காட்டினார். இரண்டாவது காரணம் சட்டம். 1598-ஆம் ஆண்டிலும் 1601-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட ஏழையர் சட்டத்தின்படி, ஒவ்வோர் ஊரும் தன் ஏழைகளைத் தானே தாங்கியாக வேண்டும். அதற்காக ஊரிலுள்ள சொத்துடையார் வரி செலுத்தியாக வேண்டும். இது பிச்சையன்று, சட்டக் கடமை. 1623-ஆம் ஆண்டில் வடமேற்கு மலைநாடுகளில் மக்கள் பசியால் மாண்டனர். அதற்குப் பின் இங்கிலாந்தில் அத்தகைய பஞ்சச் சாவு காணப்படவில்லை. 404 ஊர்களின் பதிவேடுகளைத் திரட்டி ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 1981-இல் வெளியிட்ட பெருநூலும், அந்நாட்டில் தானிய விலைக்கும் மரணத்திற்குமுள்ள பிணைப்பு வலுவற்றதாயிருந்ததையே காட்டுகிறது.

அச்சட்டத்தை இயற்றியோர் கருணைக்கடல்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அது அன்பினால் மட்டும் பிறந்ததன்று. பசித்த கூட்டத்தைக் கண்ட அச்சத்தினாலும் பிறந்தது. அயலூர் ஏழையைச் சவுக்காலடித்துத் துரத்திய சட்டங்களும் அந்நாட்டில் இருந்தன. எனினும் அச்சத்தால் ஈந்த சோறும் உயிரைக் காத்தது என்பதை மறுத்தலாகாது.

கீழ்த்திசையில் இதனினும் தெளிவான சான்று ஒன்றுண்டு. 1743, 1744 ஆகிய ஆண்டுகளில் சீனத்தின் வடபகுதியான ஜிலி மாகாணத்தைக் கொடிய வறட்சி தாக்கியது. சியென்லுங் சக்கரவர்த்தியின் ஆட்சிக் காலம் அது. விலை மலிந்த காலத்தில் தானியத்தை வாங்கி வைத்து, விலை ஏறிய காலத்தில் விற்கும் அரசாங்கக் களஞ்சியங்கள் நாடெங்கும் இருந்தன. தென்னாட்டு நெல்லை வடக்கே கொணரும் பெருங்கால்வாயும் இருந்தது. அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று குடும்பங்களைக் கணக்கெடுத்தனர். ஏறக்குறைய 20 லட்சம் குடியானவர்களுக்கு எட்டு மாத காலம் தானியமும் பணமும் வழங்கப்பட்டன. அந்நிவாரணப் பணியில் ஈடுபட்ட ஃபாங் குவான்செங் என்னும் அதிகாரி, அதனை முறையாக எழுதியும் வைத்தார். வானம் பொய்த்தது, ஆயினும் மக்கள் கூட்டங் கூட்டமாகச் சாகவில்லை.

அதே வடசீனத்தில் 1876 முதல் 1879 வரை மீண்டும் வறட்சி வந்தது. இடையிலே உள்நாட்டுப் போர்கள் நாட்டைச் சூறையாடியிருந்தன. பொக்கிஷம் காலி, களஞ்சியங்கள் காலி. கடற்கரைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தானியம் மலைப்பாதைகளைக் கடக்க முடியாமல் வழியிலேயே தேங்கியது. அம்முறை மாண்டோர் தொகை 95 லட்சத்திலிருந்து ஒரு கோடியே முப்பது லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. இரண்டு வறட்சிகளும் அளவில் ஒன்றல்ல; பின்னது நீண்டது, பரந்தது. ஆயினும் முன்னதில் காத்தது எதுவோ, அது பின்னதில் இல்லை என்பது வெள்ளிடைமலை.

இதற்கு மறுப்பு ஒன்று எழும். "எல்லாப் பஞ்சத்திற்கும் மனிதனையே குற்றஞ் சாட்டுவது நீதியா?" என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. 1783-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து தீவிலே லாக்கி என்னும் எரிமலைப் பிளவு வாய் திறந்தது. அதன் நச்சுப் புகை புல்லிலே படிந்தது. ஆடுகளில் ஐந்தில் நான்கு பங்கும் மாடுகளில் பாதியும் மடிந்தன. கால்நடையையே நம்பியிருந்த அம்மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் உயிர் நீத்தனர். அவர்களை ஆண்ட அரசன் கடலுக்கப்பால் டென்மார்க்கிலே இருந்தான். செய்தி செல்லவே நாட்கள் பல. குளிர்காலத்திலே கப்பல் வருவதும் அரிது. அவ்வூர்க் குடியானவனைப் பார்த்து "நீ ஏன் காக்கவில்லை?" என்று கேட்பவன் மூடனே ஆவான்.

ஓர் உவமையால் இதனை விளக்குவோம். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் ஒரு குழந்தை விழுந்து இறக்கிறது. குழந்தையைக் கொன்றது கிணறா, சுவரெழுப்பாத ஊராரா? கல்லும் சுண்ணாம்பும் கிடையாத ஊரென்றால் ஊரார் அழலாம். அவரைப் பழிக்க இடமில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு கல் குவிந்து கிடக்க, "பூமி கீழே இழுக்கும், நாம் என்ன செய்வது?" என்று அவர் பேசினால், அப்பேச்சை யார் ஏற்பர்? இழுப்பது பூமியின் இயல்பு. சுவரெழுப்புவது மனிதன் கடமை. அக்கடமை எத்துணை என்பதைக் கையிலுள்ள கல்லே அளக்கிறது.

ஆகவே நாம் காணும் நீதி இது: ஆற்றல் இல்லாதவிடத்துக் குற்றமில்லை, ஆற்றல் வளர வளர, வானத்தைப் பழிக்கும் உரிமை தேய்ந்துகொண்டே வருகிறது. ஒரு களஞ்சியம் கட்டியவுடன் அவ்வுரிமையில் ஒரு பங்கு போயிற்று. ஒரு பாதை போட்டவுடன் இன்னொரு பங்கு போயிற்று. கப்பலும் ரயிலும் தந்தியும் வந்தபின் எஞ்சியது மிகச் சிறிதே.

"பஞ்சம் இயற்கையின் சட்டம், பெருகிய ஜனத்தொகையை அது குறைத்துச் சமன் செய்கிறது" என்று கூறுவாரும் உளர். 1798-இல் மால்தஸ் பாதிரியார் எழுதிய நூல் இக்கருத்துக்குப் பெரும் ஆதாரமாயிற்று. ஆனால் பதிவேடுகள் என்ன கூறுகின்றன? பிரான்சிலே பஞ்சம் ஓய்ந்ததும் தள்ளிப்போட்ட திருமணங்கள் நடந்தன, பிறப்புகள் பெருகின, சாவால் விழுந்த பள்ளம் விரைவில் தூர்ந்தது. சமன் செய்ய வந்த பஞ்சம் எதைச் சமன் செய்தது? இறந்தவர் இறந்ததுதான் மிச்சம். பயனில்லாத சாவுக்குப் பயன் கற்பிப்பது அறிவுடைமையன்று. உயிரோடிருப்பவன் தன் மனச்சாட்சிக்குப் பாடும் தாலாட்டே அது.

அத்தாலாட்டு நூலோடு நின்றிருந்தால் கேடில்லை. அது அரசாங்கக் கொள்கையாகவும் ஆயிற்று. 1873, 1874 ஆண்டுகளில் பீகாரிலே பஞ்சம் வந்தபோது, ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் ஆங்கில அதிகாரி பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியைத் தருவித்து மக்களைக் காத்தார். பட்டினிச் சாவு மிகச் சிலவே. அதற்காக அவருக்குக் கிடைத்த பரிசு யாது? "பணத்தை வாரி இறைத்தார்" என்னும் வசையே! 1876-இல் தக்கணத்திலும் சென்னை மாகாணத்திலும் மழை பொய்த்தது. 1877-இல் அதே டெம்பிள், வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் தூதராகச் சென்னைக்கு வந்தார். இம்முறை சிக்கனமே அவர் மந்திரம். நிவாரண வேலையில் நாள் முழுதும் உழைக்கும் ஆண்மகனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவுமே கூலி என்று விதித்தார். மாகாணச் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ், ஒன்றரை ராத்தலேனும் வேண்டும் என்று வாதாடினார். கூலி பின்னர்ச் சற்று உயர்ந்தது. ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் மாண்டு போயினர். 1876 முதல் 1878 வரை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே காலத்தில் இந்தியக் கோதுமை கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்று கொண்டிருந்தது.

மனிதர் ஒருவர், ஆற்றல் ஒன்று, மூன்றாண்டே இடைவெளி. முதன்முறை வானத்தோடு போராடினார். மறுமுறை வானத்தின் பின்னே ஒளிந்துகொண்டார். கல்லில்லாத ஊரன்று அது. ரயிலும் கப்பலும் தந்தியும் இருந்த நாடு. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாய் நாட்டிற்கும் தமிழரைக் கடல் கடக்கத் தள்ளிய கைகளில் பஞ்சமும் ஒன்று என்பதை நினைத்தால், இஃது நமக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று என்பது விளங்கும். "மழையில்லாமல் வந்தோம்" என்று பாட்டனார் சொன்ன குடும்பங்களில் பேரர்கள் இனிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: மழையில்லாமல் மட்டுந்தானா?

இப்போது வள்ளுவரிடம் மீண்டும் வருவோம். முறை கெட்டால் மழை கெடும் என்பது மேகத்தைப் பற்றிய செய்தியாகக் கொண்டால் பொருந்தாது. சாவைப் பற்றிய செய்தியாகக் கொண்டால் அதனினும் மெய்யான சொல் இல்லை. முறையுள்ள நாட்டிலே பொய்த்த மழை ஒரு கஷ்ட காலம். முறையற்ற நாட்டிலே அதே மழை ஒரு சுடுகாடு. இன்னும் ஒன்று கூறுவோம். மனிதன் எரிக்கும் கரியும் எண்ணெயும் பூமியின் வெப்பத்தை உயர்த்தி, வறட்சியையும் பெருமழையையும் கடுமையாக்கி வருகின்றன என்று இன்றைய அறிவியல் நிறுவியுள்ளது. முறை கெட்டால் மழையும் கெடும் என்பதைக் கேட்டு நகைத்தோமே, அந்நகைப்புக்கும் இன்று இடமில்லை. வானத்தைச் சுட்டும் விரல் திரும்பி நம்மையே சுட்டுகிறது.

மழை பெய்விக்க நம்மால் ஆகாது. பெய்யாத ஆண்டிலே பக்கத்து வீட்டு அடுப்பு எரியச் செய்ய நம்மால் ஆகும். ஆவதைச் செய்யாமல், ஆகாததைக் காட்டி அழுபவன் பஞ்சத்தின் சாட்சியல்லன். பஞ்சத்தின் கூட்டாளியே ஆவான்.